பக்கத்து இருக்கை

"வேலைக்குன்னு வெள்ளனவே கிளம்பிப் போனவ ஒரு மணி நேரமா வரலை…"

"சொல்றதை முதல்ல கேளுங்க…"

"…எங்கன்னு உன் மேனேஜரம்மா எனக்குப் போன் போட்டுக் கேக்குறா! நான் என்ன ஜோசியம் பாத்தா சொல்லுவேன்?"

"இறங்க வேண்டிய இடத்துல இறங்கலை. போதுமா?"

"மூணு வருஷமாப் போற பஸ்ஸு. தூங்கிட்டியா?"

"நான் தூங்கலை. பக்கத்துல இருந்தவ தூங்கிட்டா."

வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்ட கணவன், கையிலிருந்த போனைக் கீழே வைத்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் விரிப்பு மடிப்பவள் அவள். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த மூன்று வருடமாகக் காலைப் பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும். கம்பியைப் பிடித்துக் கால் கடுக்க நிற்பார்கள், உட்கார மாட்டார்கள். ஒருத்தி உட்கார வந்து, இவள் நிறத்தைப் பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். அன்று முதல் காலையில் வீட்டில் தாளிப்பதே இல்லை. குளிரிலும் தலைக்குக் குளித்தாள். யார் வந்தார்கள்?

கிடங்கில் பெட்டி கட்டும் அவன் வேறு வழி வைத்திருந்தான். தன் பேருந்தில் ஏறியதும் பையைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிடுவான். "அவங்க வரலைன்னு இருக்கக் கூடாது. நாமதான் விடலைன்னு இருக்கணும்" என்பான். அவளோ பையை மடியில் இறுக்கி, ஜன்னலோடு ஒடுங்கி, விருந்தாளிக்குப் பாய் போடுகிறவள் மாதிரி அந்த இருக்கையைத் துடைத்தும் வைப்பாள்.

"யாருடி அவ?"

"இந்த ஊர்க்காரிதான். ராத்திரி வேலை முடிச்ச களைப்பு போல. வந்தா, உட்கார்ந்தா. ரொம்பக் குளிருதுல்லன்னா. அவ்வளவுதான், தலை என் தோள்ல சாஞ்சுடுச்சு."

"எழுப்பினா என்ன?"

"மூணு வருஷம் கழிச்சு வந்தவளை எழுப்புவாங்களா?"

"அதுக்காகக் கடைசி ஸ்டாப் வரைக்குமா? நல்லவேளை, பஸ் கடலுக்குள்ள போகலை!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "முழிச்சதும் பதறிட்டா, பாவம். அவ ஸ்டாப்பும் போயிடுச்சு. என் தோளைத் துடைச்சு விட்டா."

"நாளைக்கும் வருவாளா?"

"தெரியலை."

அவள் இன்னும் கழற்றாத கோட்டின் இடது தோளில் ஒரு செம்பட்டை முடி ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை நீட்டினான். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

அவன் மாலை வேலைக்குக் கிளம்பும் நேரம். வாசலில் இருந்த அவன் பெரிய பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். வாரை மட்டும் விடவில்லை.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் இதை மடியில வச்சுக்கிறீங்களா?"