பூட்டிய வீட்டின் பஃப்-பஃப்

1

இந்தக் கதை எனக்கு மூக்கு வழியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பமெண்டா நகரத்தில் திங்கட்கிழமைகளில் கடை கிடையாது, வண்டி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு காட்டிலிருக்கும் ஆயுதக்காரர்களின் உத்தரவு. மீறி வெளியே போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அப்படியொரு திங்கட்கிழமை பிற்பகலில், எதிர்வீட்டிலிருந்து பஃப்-பஃப் என்கிற இனிப்பு உருண்டை பொரிகிற வாசம் வந்தது. புளித்த மாவு, சர்க்கரை, காய்ந்த எண்ணெய். எதிர்வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

(முதலில் எழுதிய தொடக்கம்: "நகரம் மூச்சை அடக்கிக்கொண்டு—" பொய். நகரம் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தது. தார்ச்சாலையில் கோழி நடந்தால் அதன் நகம் உரசுவதுகூடக் கேட்கும்.)

2

ஓடிலியாவை நீங்கள் நம்புவீர்களா என்பது என் அடுத்த கவலை.

நான் குடியிருக்கும் அறைக்குச் சொந்தக்காரி. அவள் கணவர் செஃபோர் ஒரு திங்கட்கிழமை சர்க்கரை வாங்கப் போனார். பின்கதவு வழியாக விற்கிற கடை ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. அவர் அந்தக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே இருக்கும் ஒரு பெண்ணை எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் ஓடிலியா திங்கட்கிழமைதோறும் முற்றத்தில் வெயில் பார்த்து நாற்காலி போடுவாள், தணலில் சோளம் வாட்டுவாள், என்னோடு லூடோ ஆடுவாள், கூசாமல் ஏமாற்றுவாள்.

"இது ஆறு இல்ல மா ஓடிலியா, அஞ்சு."

"பள்ளிக்கூடமே இல்ல, இன்னும் கணக்குப் பாடம் எடுக்கிறீரு. சோளத்தத் தின்னும் வாத்தியாரே."

ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "ஒரு கரண்டி சர்க்கரைக்கா உசுரக் குடுத்தாருன்னு கேக்குறாங்க. சர்க்கரைக்குத்தான் போனாரு. எனக்கு இனிப்பில்லாத டீ இறங்காதுன்னு போனாரு. டீயே குடிக்காம உள்ள பதுங்கிக் கெடந்தா மட்டும் நாங்க நூறு வருசம் இருந்திருப்போமா?"

அன்றும் டீயில் சர்க்கரை போட்டுத்தான் குடித்தாள்.

3

வாசம் மறு திங்கட்கிழமையும் வந்தது. அதற்கடுத்ததிலும். மற்ற நாட்களில் இல்லை. எதிர்வீட்டுக் கூரையில் புகை இல்லை. பூட்டின்மேல் சிலந்தி வலை கலையாமல் இருந்தது. அந்த வீட்டுக்காரி குவின்டா முன்பு வாசலில் பஃப்-பஃப் போட்டு விற்றவள். துப்பாக்கிச் சத்தம் பக்கத்தில் வந்ததும் பிள்ளைகளோடு டுவாலா நகரத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குப் போன் செய்தேன்.

"சாவி என்கிட்டதான் இருக்கு," என்றாள். "ஏன், யாராவது கதவ ஒடைச்சிட்டாங்களா?"

"இல்ல. உள்ள யாரோ பஃப்-பஃப் போடுற மாதிரி வாசம் வருது."

சிரித்தாள். "அவ்வளவு பசியா உங்களுக்கு?" பிறகு அவள் சிரிப்பு நின்றது. "நான் இங்க வந்து ஒருதரம்கூட மாவு பிசையல, வாத்தியாரே."

ஓடிலியாவிடம் இதைச் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியை வேலியோரமாக இழுத்துப் போட்டாள். "காத்து இந்தப் பக்கமா வருது," என்றாள். கண்ணை மூடி, ஆழமாக இழுத்தாள். சிறிது நேரம் கழித்து நானும் என் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

4

போன திங்கட்கிழமை அவள் சாலையைக் கடந்தாள்.

நான் தடுத்தேனா? தடுத்ததாக ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான். வெறிச்சோடிய தாரில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் போயிற்று. முன்கதவைத் தொடவில்லை, பின்பக்கம் திரும்பி மறைந்தாள்.

திரும்பியபோது கையில் துணி மூடிய தட்டு.

"யாரு குடுத்தா?"

"ஆறிப்போகும். எடுத்துக்கும்."

விரல் சுட்டது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஜாதிக்காய் ஒரு துளி அதிகம். நல்ல ருசி. அதுதான் எனக்கு அதிக பயத்தைத் தந்தது.

"உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரரா?"

மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "அடுத்த வாரம் நீரும் வாரும். கதை எழுதுற ஆளுதானே, கண்ணால பாத்துட்டு எழுதும்."

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உள்ளே செஃபோர் ஒளிந்திருக்கிறார். (அப்படியானால் மற்ற நாட்களில் என்ன சாப்பிடுகிறார்?) இன்னொன்றில் வீடிழந்த யாரோ ஒருத்தி, சிலந்தி வலை கலையாமல் பின்சன்னல் வழியாக ஏறி இறங்குகிறாள். மூன்றாவதில் அடுப்பு சில்லென்று இருக்கிறது, சாம்பலே இல்லை, தட்டு நிரம்பியிருக்கிறது. அதைப் பாதியில் நிறுத்தி விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

6

இன்று திங்கட்கிழமை. இதைச் சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசம் வந்துவிட்டது. ஓடிலியா எனக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், சாலை நடுவில் நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

"வாத்தியாரே, வாரீரா இல்லியா?"

கீழ்ச்சரிவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. ஒன்றல்ல. திங்கட்கிழமை மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் சந்தைக்குப் போகிறவர்கள் அல்ல.

பேனாவைக் கீழே வைக்கிறேன். இனி நான் செய்யப்போவதை எழுத எனக்குக் கை ஒழியாது, மிச்சம் உங்களுடையது. அந்த வீட்டுக்குள் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவளைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.