பக்கத் தையல்

நீல பனியன் கம்பியில் தொங்குகிறது, விலாவில் இருக்கவேண்டிய தையல் நகர்ந்து நகர்ந்து தொப்புளுக்கு நேரே வந்து நிற்கிறது, எங்கள் வீட்டுப் புழக்கடை என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்கிறேன், இல்லை, இது ஆஸ்பத்திரியின் பின்புறம், பிணவறைச் சுவரோடு கட்டிய கம்பி, ஆற்றில் ஒதுங்கிய உடம்பிலிருந்து கழற்றி அலசிக் காயப்போட்டிருக்கிறார்கள், முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம், துணியப் பாத்துச் சொல்லும்மா என்கிறார் போலீஸ்காரர், எனக்கு அழுகை வரவில்லை, செருப்புக் கடித்த இடம் மட்டும் எரிகிறது. என் இடது கையை அத்தை இறுகப் பிடித்திருக்கிறார், அவர் பெற்ற பிள்ளை, என் வீட்டுக்காரர், மழையன்று தரைப்பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை, பஸ்ஸில் வரும்போதே அத்தை சொல்லிவிட்டார், எதக் காட்டுனாலும் அவனில்லைன்னு சொல்லிப்போடு கண்ணு, அவன்தான்னு உன்ற வாயில வந்துட்டா என்ற பையன் செத்தே போயிருவான், சரிங்கத்தை என்றேன், ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தர்ப்பூசணி அறுத்துக்கொண்டிருந்தார், சிவப்பாக இருந்தது, அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

பனியன் கம்பெனியில் எனக்கு நூல் சோதிக்கிற வேலை, நூல் சுற்றிய கோனிலிருந்து ஒரு முழம் இழுத்து இரண்டு நுனியையும் பக்கத்தில் கொண்டுவந்தால் நல்ல நூல் சும்மா தொங்கும், முறுக்கு ஏறிய நூல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சுருளும், முறுக்கு குறைந்தால் துணி மெத்தென்று இருக்கும், ஆனால் நாலு சலவையில் பிசிறு தட்டிவிடும், கூடினால் லேசில் அறாது, ஆனால் துணியான பிறகும் அடங்காது, தண்ணீர் பட்டதும் தன் பக்கம் திரும்பும், தையலையும் கூட்டிக்கொண்டு போகும், இரண்டு நூலைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் ஒன்றையொன்று பிடித்து அடங்கிவிடும்தான், செகண்ட்ஸ் என்று மலிவு விலைக்கு விற்கிற பனியனுக்கு யார் அத்தனை செலவு செய்வார்கள். முறுக்கு ஏறிய அந்த நீல நூல் ஆகாது என்று நான் தள்ளியும் மிஷினில் ஓட்டிவிட்டார்கள், அதில் தைத்த பனியன் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறார் தெய்வசிகாமணி, என் வீட்டுக்காரர், என்ன அம்மிணி, நீ வேண்டாம்னு தள்ளுனத நான் எடுத்து உடுத்திக்கிட்டேன் பாரு, தண்ணி பட்டாக் கோணிக்குமுங்க மாமா என்கிறேன், கோணுனா நேர் பண்ணி உட நீ இருக்கறயில்ல, சிரிக்கிறார். இருந்தேன், துவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு தையலை விலாவுக்கு இழுத்து, அக்குளிலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் நீவிவிட்டு, அப்புறம்தான் கம்பியில் போடுவேன், பேச்சு வார்த்தை இல்லாத நாட்களிலும் போடுவேன், அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு பேசாமலேயே வேலைக்குப் போவார், திட்டிக்கொண்டேதான் நீவுவேன், ஆனாலும் நீவாமல் போட்டதில்லை, இங்கே யாருக்கு அதெல்லாம் தெரியும், பிழிந்து அப்படியே உதறிப் போட்டிருக்கிறார்கள்.

தெரிஞ்ச துணியாம்மா, போலீஸ்காரர் மறுபடி கேட்கிறார், அத்தையின் நகம் என் மணிக்கட்டில் பதிகிறது, நீலத்துல ஊருக்குள்ள ஆயிரம் பனியன் கிடக்குதுங்க சாமி என்கிறார் அத்தை, உண்மைதான், ஆயிரம் இருக்கும், இல்லைங்க என்கிற சொல் என் நாக்கில் தயாராக இருக்கிறது, சொல்லிவிடலாம், சொன்னால் ராத்திரிக்கு அவருக்கும் சேர்த்து உலை வைக்கலாம், வாயைத் திறக்கிறேன், அதற்குள் வலது கை போய் பனியனின் ஓரத்தைப் பிடித்துத் தொப்புளில் நிற்கிற தையலை விலாவுக்கு இழுக்கிறது, அக்குளிலிருந்து கீழ்வரை நீவுகிறது, திரும்பவும் நீவுகிறது, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றுகிறார், அத்தையின் பிடி தளர்கிறது, அப்புறம் பின்னாலிருந்து அவருடைய அலறல் வருகிறது, தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். காய்ந்த துணி, விட்டால் திரும்பிவிடும், நீல பனியன் கம்பியில் தொங்குகிறது, தையல் விலாவில் நேராக இருக்கிறது, நான் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும்.