ஈறில் வைத்த காகிதம்

வண்டியைக் கழுவி மினுக்கிக்கொண்டு வந்து, "எண்ணெய் ஒழுகுது, எங்கேன்னு பாருங்க" என்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒழுகிய தடத்தையே துடைத்துவிட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்? பட்டறையில் இதற்காக நான் கத்தாத நாளில்லை.

அப்பேர்ப்பட்ட நான்தான் பல் டாக்டரிடம் போகுமுன் ஈறு எரிய எரியப் பல் தேய்த்தேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மாத்திரை தவறுவதில்லை, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு அது இல்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரே ஆப்பிளை அவள் ஒரு கடி, நான் ஒரு கடி என்று தின்போம். கொஞ்ச நாளாக நான் கடித்த இடத்தில் ரத்தம் ஒட்டியது. மாத்திரை கைவிட்டுவிட்டதோ, அவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். "பல் கூசுது, நீயே தின்னு" என்று சொல்லிவைத்தேன். அவள் ஆப்பிள் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

மாத்திரை தரும் டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, பல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். என்னைப் போன்றவர்களின் ஈறைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி எடுத்தார். காகிதம் செக்கச்செவேலென்று வந்தது.

"வர்றதுக்கு முன்னாடி நல்லா தேய்ச்சீங்களா?"

"வாய் சுத்தமா இருக்கணுமேன்னு..."

"போச்சு! ஈறுலேருந்து தானா கசியற தண்ணிதான் எனக்கு வேணும். ரத்தம் கலந்தா ஒண்ணும் தெரியாது. நாளைக்குத் தேய்க்காம வாங்க."

கூட வந்திருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவரு பட்டறையில போடற கூச்சலை நீங்க கேக்கணுமே டாக்டர்!" என் மானம் கப்பலேறியது.

மறுநாளும் அவளோடுதான், தேய்க்காத வாயை வழியெல்லாம் திறக்காமல் போனேன். காகிதம் வெறும் ஈரமாக வந்தது. டாக்டரம்மா முகம் மலர்ந்ததைப் பார்த்துத் துணிந்து கேட்டேன்.

"மாத்திரை வேலை செய்யலையா டாக்டர்?"

"யார் சொன்னா? உங்க ரிப்போர்ட் பாத்தேன். ரத்தத்துல கிருமி டெஸ்ட்டுல சிக்காத அளவுக்கு அடங்கிடுச்சு. ஆனா ஈறுல காவலுக்கு நிக்கற எதிர்ப்பு சக்தி சில பேருக்கு முழுசா தேறாது. பல்லோரம் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் தாறுமாறா சண்டை போட்டு, ஈறையே புண்ணாக்கிடும். அழுக்கை எடுத்து ஒழுங்கா பாத்துக்கிட்டா குறையும்."

"அப்ப இவளுக்கு..."

"அவங்களுக்கு உங்களால ஒரு பயமும் இல்ல."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பல் கூசுவதாக நான் சொன்னது எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் ஓர் ஆப்பிள் வாங்கினாள். ஒரு கடி கடித்துவிட்டு நீட்டினாள். நானும் கடித்தேன். வழக்கப்படி திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

"ஒழுகின தடம் பாத்தாச்சா? குடுங்க இப்படி."

வாங்கி, அந்த இடத்திலேயே கடித்தாள். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை. ஆப்பிள் பாதிதான் முடிந்திருந்தது, அடுத்த கடி என்னுடையது.