காலி எனக் காட்டிய அறை

1

மலையுச்சியின் தீபக் கொப்பரை கீழிறங்கி, கார்த்திகைக் கூட்டமும் கரைந்த பின், அண்ணாமலையின் மேல் ஒரு மௌனம் வந்து அமரும். மார்கழிப் பனி அடிவாரத்து மரங்களைத் தொட்டுத் தெருக்களில் தவழும்; கோபுரங்களின் இடையை மறைத்துவிடும்; சிகரங்கள் மட்டும் மண்ணோடு உறவற்றவை போல மிதக்கும். அப்பொழுதில் நெஞ்சு தானே தாழும். இன்னதற்கென்று சொல்லத் தெரியாத ஓர் இரக்கம்—

[இப்படியே பத்தி முழுதும் பனியாக நீண்டது. நிறுத்தினேன். சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடவே பனியை வருணிக்கிறேன்.]

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இக்கதை செங்கம் சாலை விடுதி ஒன்றில் பிறந்தது. பதிகம் ஓதி முடித்துக் கண்மூடி அசையாதிருந்தேன். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. கூரையில் பதித்த சிறு கருவி, அசைவு காணாமையால், அறையில் ஆளில்லை என்று தீர்மானித்துவிட்டது. நான் கையை உயர்த்தி அதற்கு ஆட்டிக் காட்டினேன். உடனே ஒளி வந்தது. இறைவன் முன்னும் நான் இவ்வளவு விரைவாக என் இருப்பை மெய்ப்பித்ததில்லை. அந்த வெட்கத்திலிருந்து ஒரு பெண்ணை உண்டாக்கினேன்; மறைத்து வைக்க அவளுக்கு ஒரு செய்தியையும் கொடுத்தேன். அதை அவள் சொல்லித் தீர்ப்பாளா என்பதே கதை.

2

அவள் பெயர் வேதா. நாற்பதை எட்டியவள், விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவள். முதலாளி முருகையன், கரண்ட் செலவு கம்மியாகும் என்று, கட்டடம் முழுவதையும் ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார். விளக்கு, விசிறி, வெந்நீர், கதவுப் பூட்டு யாவும் அதன் ஆட்சி. வேதாவின் திரையில் அறைகள் கட்டங்களாகத் தெரியும்: அசைவிருந்தால் பச்சை, இல்லையேல் சாம்பல் நிறமும் ‘காலி’ என்ற சொல்லும். உள்ளே தாழிட்ட அறையில் நெடுநேரம் அசைவில்லாவிட்டால் மணி ஒலிக்கும். போய்க் கதவைத் தட்டவேண்டும்.

மாடியறைக்கு மாதந்தோறும் வந்து சில நாள் தங்குபவர் சகாதேவன். ஆரணிக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். விடியலில் தியானத்துக்கு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை அசையார். ஆகவே மணி நாள்தோறும் ஒலித்தது. வேதா நாள்தோறும் தட்டினாள்.

“இன்னாம்மா வேதா, ஆயுசு பூரா ஓடுற பஸ்ல நின்னுக்கினே வந்தேன். இப்பதான் ஒரு எடத்துல உக்காந்தேன். அதுக்குள்ள ஆள் இல்லன்னு எழுதிட்டீங்களே!”

“நான் இல்லீங்க ஐயா, மிஷினு.”

“அதுகிட்ட சொல்லும்மா, டிக்கெட் வாங்கிட்டுதான் ஏறியிருக்கேன்னு.”

வேதா சிரித்தாள், ஆனால் அவர் கண்களில் கலைந்த தவத்தின் களைப்பைக் கண்டாள். மென்பொருள் நிறுவனத்தை அழைத்தாள். அருள்ராஜ் என்பவன் பேசினான்.*

“அந்த ரூமுக்கு மட்டும் அலர்ட்ட ஆஃப் பண்ணிடலாம் மேடம். ஆனா அதுக்கப்புறம் நீங்கதான் பாத்துக்கணும்.”

“பாத்துக்கறேன் தம்பி. தவத்த எத்தன தடவதான் கலைக்கிறது?”

அவள் திரையைத் தொட்டாள். மணி அடங்கியது.

* அருள்ராஜைக் கொடியவனாக்க முயன்றேன், இயலவில்லை. அவன் எச்சரித்தான். கருவியும் தன் கடமையை மறக்கவில்லை. பழம்பாடல்களில் அசையாதவனே நிறைந்தவன். கருவியின் இலக்கணத்தில் அசையாதவன் இல்லாதவன். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல மனத்தை நிறுத்தினேன். கெடுதி அவ்வழியாகவே நுழைந்தது.

3

அன்று காலை சகாதேவன் தம் பாயில்—

அன்று காலை, மணி ஒலித்திருந்தால்—

[இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.]

அன்று காலை அவர் கட்டம் சாம்பலாக இருந்தது. வேதா பார்த்தாள். ஐயா தவத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று எண்ணி, ‘காலி’ என்று காட்டிய திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நண்பகலில் அவருக்கு வந்த சாப்பாட்டுப் பொட்டலம் எடுப்பாரின்றி மேசையில் ஆறியது. அதன் பிறகே மாடியேறினாள். அவர் பாய்க்கு அப்பால் சரிந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. வலப்பக்கமும் நாவும் அவர் வசத்தில் இல்லை.

“கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா...” என்று தொடங்கிய மருத்துவர், மகளின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். மகள் மதிவதனி, ஆரணியில் பள்ளி ஆசிரியை. அவளிடம் முருகையன் பெருமையோடு சொன்னார்: “எங்க சிஸ்டம்தாம்மா காட்டிக் குடுத்துச்சு. வேதா ஓடிப்போய்ப் பாத்துச்சு.”

மதிவதனி வேதாவின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க இல்லன்னா எங்கப்பா இல்லக்கா.”

வேதா மறுக்கவில்லை.

(இங்கே சகாதேவனை எழுப்பிவிட நினைத்தேன். மணி ஒலிக்கிறது, வேதா ஓடுகிறாள், அவர் நகைக்கிறார் என எழுதியும் பார்த்தேன். கதை வேண்டுமென்று அவரைச் சாய்த்த கை என்னுடையது. இரக்கத்தை இப்போது காட்டுவதில் என்ன பெருமை?)

4

வேதா சொல்லவேயில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். அவள் பௌர்ணமிதோறும் வெறுங்காலுடன் மலை சுற்றுகிறாள்; பாரம் மெல்லக் குறைகிறது. வாக்கியங்கள் அழகாக அமைந்தன. அந்த அழகுக்கே அஞ்சிக் கிழித்தேன்.

ஆகவே, சகாதேவனை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாள். வேதா விடைகொடுக்க வந்திருந்தாள். மதிவதனி துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

“அக்கா, உங்க லாட்ஜ்ல இருக்கிற சிஸ்டத்தயே எங்க வீட்லயும் போட்டுடலாம்னு இருக்கேன். நான் ஸ்கூலுக்குப் போயிட்டா அப்பாவுக்குத் தொணை இல்ல. அது பாத்துக்கும் இல்ல?”

“ஆளு யாராச்சும் வச்சுக்கயேன், மதி.”

“ஆளு தூங்கிடும்க்கா. அது தூங்காது. அன்னிக்கு உங்கள மேல அனுப்பினதே அதுதானே?”

கட்டிலில் சகாதேவன் வேதாவையே நோக்கியிருந்தார். அவருக்குத் தெரியுமா? [தெரியும் என்று எழுதி, அடித்தேன். அந்தப் பார்வைக்குள் புகும் உரிமை எனக்கில்லை.]

“இல்ல மதி,” என்றாள் வேதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை, மீண்டும் சொன்னாள். “இல்ல. அன்னிக்கு அது என்னக் கூப்புடல. கூப்புடாதேன்னு நான்தான் நிறுத்தி வச்சிருந்தேன். காலையிலயே பாத்தேன், அசைவு இல்லன்னு. ஐயா தவத்துல இருக்காருன்னு நெனச்சேன். மேல போவல.”

மதிவதனியின் கையில் ஒரு வேட்டி பாதி மடிந்தபடி நின்றது.

5

மதிவதனி என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. மன்னித்தாள் என்றால் வேதாவுக்காக நான் வாதாடியதாகும். சபித்தாள் என்றால் என் பழியையும் சேர்த்து வேதாவின் தலையில் ஏற்றியதாகும். தந்தையின் பேச்சை இழந்தவளுக்கு உரிய மறுமொழி அது. அவளருகில் நின்று நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதுகோலை வைத்துவிட்டேன். பூசையறையில் அகல் ஏற்றினேன். நீறணிந்து, மலை இருக்கும் திசை நோக்கி, இக்கதையின் மூவர் பெயரையும் சொல்லி வணங்கினேன். கற்பனையில் பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது முறைதானோ, அறியேன். வேண்டிக்கொண்டேன்.

சகாதேவரே, உம் நாவுக்கு ஒரு சொல்லேனும் திரும்புக. மதிவதனி, உன் இல்லத்தில் மனிதத் துணை குறையாதிருக்கட்டும். வேதா, உனக்கு உறக்கம் வாய்க்கட்டும். இதுவரை உடன் வந்தவரே, அண்ணாமலையான் உம்மையும் உம்மவரையும் காக்க.