காபி குடிக்கப் போனவர்

பிரான்சின் சோஃபியா அந்திபோலிஸில், கைபேசிகளுக்கான பொது விதிகளை வகுக்கும் எங்கள் கூட்டத்தில், கடைசி நாளான வெள்ளிக்கிழமை மதியம் என்றால் பாதிப் பேருடைய மனம் நீஸ் விமான நிலையத்துக்குப் போயிருக்கும். என் மனம் அறையை விட்டு நகரவில்லை. நான் கொண்டுவந்த திருத்தம் அன்று நிறைவேறாவிட்டால் விதிகளின் அடுத்த பதிப்புக்குத்தான். அதற்குள் எங்கள் ஆல்ப்ஸ் மலையில் இரண்டு குளிர்காலம் போய்விடும்.

விஷயம் சின்னது. பனிச்சரிவில் எங்கள் நிறுவனத்தின் கைபேசிக் கோபுரம் சாய்ந்தால், பக்கத்தில் போட்டி நிறுவனத்தின் கோபுரம் நன்றாக நின்றாலும், சிக்கிக்கொண்டவரின் கைபேசி எங்களுடையதையே தேடிக்கொண்டிருக்கும். அவசர அழைப்பு என்றால் கொஞ்சம் தேடிவிட்டுக் கிடைத்த கோபுரத்தைப் பிடி என்று விதியில் எழுதக் கேட்டேன். எல்லாக் கைபேசிகளும் அதன்படி நடந்தால்தான் அதற்கு மதிப்பு. அதற்காகத்தான் சந்தையில் கடித்துக் குதறும் நிறுவனங்கள் இங்கே ஒரே அறையில் உட்கார்கின்றன. ஓட்டெடுப்பு வழக்கமில்லை. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் நிறைவேறியது. ஒருவர் ஆட்சேபித்துத் தன் பெயர் அட்டையை நிமிர்த்தி வைத்தாலும் திருத்தம் நின்றுபோகும்.

பின்லாந்துக்காரன் தபானி, சிப் செய்யும் நிறுவனத்தின் ஆள், பேட்டரி தீர்ந்துவிடும் என்று இரண்டு கூட்டங்களில் அட்டையை நிமிர்த்தினான். மூன்றாவதில் அவனை நடைபாதைக்கு இழுத்துப்போய், "குறை சொன்னது போதும், நீயே எழுது" என்றேன். எழுதினான். தேடு, ஓய்வெடு, மறுபடி தேடு, பேட்டரி தீராது. என்னுடையதைவிட நல்ல வாசகம். ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தொங்கிய முகத்தோடு வந்தான்.

"ஒதீல், தலைமையகம் வேண்டாம்னுடுச்சு. புது சிப்பு தயாரிப்புக்குப் போயாச்சாம், இனி மாத்த முடியாதாம்."

"அதுக்கென்ன? காபி குடிக்கப் போயிடு."

எங்கள் கூட்டங்களில் இது பழைய வழி. ஆட்சேபிக்க மனமும் சம்மதிக்க அனுமதியும் இல்லாதவருக்குச் சரியான நேரத்தில் காபி ஞாபகம் வரும். அறையில் இல்லாதவர் எப்படி ஆட்சேபிப்பார்?

"எங்க போறது? இர்மெலியே வந்திருக்காங்க. எனக்குப் பக்கத்து நாற்காலி."

இர்மெலி அவனுடைய மேலதிகாரி. சிரிக்கக்கூடத் தலைமையகத்தைக் கேட்பவர் என்று பெயர்.

"வரட்டுமே! காரணம் சொல்லித்தானே ஆட்சேபிக்கணும்? உன் வாசகத்துல ஓட்டை கண்டுபிடிக்கட்டும், பாப்போம்" என்றேன்.

கூட்டத் தலைவர் ஒர்னெல்லா என் திருத்தத்தைத் திரையில் போட்டார். "ஆட்சேபம் உண்டா?"

இர்மெலி அட்டையை நிமிர்த்தினார்.

"காரணம்?"

"பேட்டரி. பனியில மாட்டினவங்க போனு, தேடித் தேடியே செத்துப்போகும்."

"யாராவது பதில் சொல்றீங்களா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் சொன்னால் இரண்டு நிறுவனங்களின் சண்டையாகிவிடும். பிறகு அவரால் இறங்கிவர முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாயை மூடியிருப்பது அபூர்வம் என்று என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

இர்மெலியின் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. தபானி எழுந்தான்.

"பேட்டரி தீராதுங்க. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். அந்த ஓய்வு வரியை எழுதினதே நான்தான்."

விமானத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அவன் காது சிவந்திருந்தது. இவன் வேலை போகப்போகிறதே என்று நினைத்தேன்.

ஒர்னெல்லா அவசரப்படவில்லை. "இர்மெலி, பிடிச்சிருக்கான்னு நான் கேக்கல. இருந்துட்டுப் போகட்டும்னு விட முடியுமா உங்களால?"

இர்மெலி திரையைப் பார்த்தார். அந்த வரியை மெதுவாகப் படித்தார். பிறகு தபானியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அட்டையைப் படுக்கவைத்தார்.

"எனக்குக் கொஞ்சம் காபி வேணும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தபானி உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"வேற ஆட்சேபம்?" என்றார் ஒர்னெல்லா. ஒரு அட்டையும் அசையவில்லை. நிறைவேறியது என்று மேசையில் சுத்தியலைத் தட்டினார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

கத்துவதற்கு வெளியே ஓடினேன். காபி மேசையை எப்போதோ துடைத்துவிட்டிருந்தார்கள். அந்த வெறும் மேசைக்கு முன்னால் இர்மெலி நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா தபானியை..."

"அவனுக்கென்ன? எழுதினான்ல, அடுத்த சிப்புல அவனே செஞ்சு காட்டட்டும்." கைப்பையைத் தோளில் மாட்டினார். "வாங்க, உள்ள போகலாம். எனக்குக் காபியே ஆகாது."