இடுப்புக்கு அடியில் மடித்த துணி

மயக்க டாக்டர் ஸம்பத்குமாரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றைக் கிழிக்கப் போகிற இடத்தில் ஒரு மனிதர் இவ்வளவு சிரிக்கக் கூடாது. "முதுகுல ஒரு ஊசிம்மா. இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிடும். நீ முழிச்சிண்டே இருக்கலாம்" என்றார். அந்த ஊசியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எழுபதாம் வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுத்தான் என் அக்கா மேஜை மேலேயே செத்துப்போனாள். வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. இப்போது ஆறு வருஷம் கழித்து என் முறை.

எனக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் புருஷன் அருணாச்சலம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கென்ன, வயிறு என்னுடையதுதானே. தியேட்டர் வாசலில் என் அம்மா கங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"செண்பகம், கண்ண மூடிடாத. இன்னா பண்றாங்கன்னு பாத்துக்கினே இரு. உங்கக்காவ ஏமாத்துன மாரி உன்ன ஏமாத்த வுடாத."

பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றினார்கள். இப்படி ஏற்றினால் ரத்தம் ரசம் மாதிரி ஆகிவிடாதா? அப்புறம் நர்ஸ் கிரேஸ் பாதத்திலிருந்து தொடைவரை இரண்டு காலையும் துணியால் இறுக்கிச் சுற்றினாள். எதற்கு என்று கேட்டேன். "பிரஷர் இறங்காம இருக்கத்தான்" என்றாள். ஓடிவிடாமல் இருக்கத்தான் என்று எனக்குப் பட்டது. டாக்டரோ வாயை மூடவில்லை. ஊர் எது, காலையில் என்ன சமைத்தாய் என்று ஒரே விசாரணை. ஏதோ என் வாயைக் கிளறுகிறார் என்றே நினைத்தேன்.

உட்காரவைத்து முதுகில் ஊசி போட்டார்கள். கால் சூடாகி, பிறகு என்னுடையது இல்லை என்று ஆனது. மல்லாக்கப் படுக்கவைத்ததும் கிரேஸ் ஒரு துணியைத் தடிமனாக மடித்து என் வலது இடுப்புக்கு அடியில் செருகினாள். வயிறு மொத்தமும் இடது பக்கம் சாய்ந்தது.

எனக்குப் பகீரென்றது. பிள்ளைத்தாச்சி படுத்தபடியே பக்கம் மாறக் கூடாது. மாறினால் கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் படுப்போம். மாசக்கணக்காகத் தூக்கத்தில்கூட நான் புரண்டதில்லை. அவ்வளவு காபந்து பண்ணியதை இவள் ஒரு நொடியில் கெடுத்துவிட்டாளே. இடது கையில் சலைன் ஊசி. வலது கையில் பிரஷர் பட்டைதான். கிரேஸ் திரும்பிய சமயம் பார்த்து அந்தக் கையாலேயே துணியை இழுத்து உருவி, பக்கத்தில் ஒதுக்கிவிட்டேன். வயிறு நேரானது. நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நேரம்தான். கொட்டாவி வந்தது, மறுபடி வந்தது. வாயில் எச்சில் ஊறிக் குமட்டியது. கிரேஸ் "பிரஷர் ரொம்ப இறங்குது சார்" என்று சொன்னது எங்கோ பக்கத்து ஊரில் கேட்டது. அக்காவை இப்படித்தான் கொன்றிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கத்த நாக்கு வரவில்லை.

"துணி எங்கே?" என்றார் டாக்டர். அவர் சிரிப்பு போய்விட்டது. இரண்டு கையாலும் என் வயிற்றை இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கிரேஸ் துணியைத் திரும்பச் செருகினாள். சலைன் குழாயில் ஏதோ மருந்து போனது. "செண்பகம், பேசு. காலையில என்ன சமைச்சே?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் கண்ணில் விளக்கு வெளிச்சம் மெல்லத் திரும்பி வந்தது. "கஞ்சி" என்றேன். பிறகு பிள்ளை அழுதது. பெண் குழந்தை.

சாயங்காலம் டாக்டர் கட்டிலருகே வந்தார். திட்டுவார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திட்டவில்லை; துணியை ஏன் உருவினாய் என்று மட்டும் கேட்டார், கொடி சுற்றிக்கொள்ளும் என்றுதான் என்றேன்.

"மல்லாந்து படுத்தா, பிள்ளையோட கனம் உள்ளே இருக்கற பெரிய ரத்தக்குழாயை அமுக்கிடும்மா. இந்த ஊசிக்கு பிரஷர் தானாவே இறங்கும். ரெண்டும் சேர்ந்தா ஆபத்து. அதுக்குத்தான் சாய்ச்சு வைக்கறது. கொடி சுத்தறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

வராந்தாவில் நின்றிருந்த அம்மா, அவர் போனதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்; சாய்ச்சு வைக்கிறது என்றது மட்டும் அவள் காதில் விழுந்திருந்தது. முகத்தில் இன்னும் சந்தேகம்.

"சாச்சி வச்சாங்களா உன்ன? அக்காவுக்கு ஒருத்தி அப்டிதான் தலகாணிய சொருவுனா. அங்க தலமாட்டுல என்ன நிக்க வுட்டாங்க. கொடி சுத்திக்கும்னு நான்தான் அத உருவிப் போட்டு நேரா படுக்க வச்சேன். அப்டியும் கொன்னுட்டாங்களே, பாவிங்க."

ஆறு வருஷமாக, முகம் தெரியாத ஒரு டாக்டரை நானும் அம்மாவோடு சேர்ந்து சபித்து வந்திருக்கிறேன். அம்மாவின் கை குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"சொல்லுடி. எப்டி படுக்க வச்சாங்க?"

"நேராத்தாம்மா" என்றேன்.

"அதான் பொழச்சிகினு வந்த" என்றாள் அம்மா.