ஹாலிபர் டவுன்ஷிப்பின் இரண்டாம் சதுரம்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. லூர்து அண்ணன் சொன்னதாக நான் நம்பும் சில வார்த்தைகள், பிறகு நானே அவர் வாயில் வைத்தவையாக இருக்கலாம். ஆனால் அந்த ஊரின் சதுரங்கள் இன்றும் பிசகாமல் மனதில் நிற்கின்றன. நான் ஒருநாளும் போகாத ஊர் அது.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், ஹாலிபர் என்று ஒரு டவுன்ஷிப். முந்நூறு பேர், ஒரு சர்ச், ஒரு ஓடை, மீதியெல்லாம் மக்காச்சோளம். அந்த ஊர் கிளார்க்குகள் நூற்றெழுபது வருடமாக எழுதிவைத்த பதிவேடுகளை யாரோ படம்பிடித்து ஒரு சிங்கப்பூர் கம்பெனியிடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து அவை எங்கள் ரங்கூனில், போட்டாதாங் பகுதியில், ஒரு கிடங்கின் மாடியில் தஸ்லீமா நடத்திவந்த சிறிய ஆபீசுக்கு டைப் அடிக்க வந்தன. அவளிடம் வேலை செய்த பிள்ளைகளுக்குக் கணினி தண்ணீர்பட்ட பாடு. சேர்த்தெழுதிய பழைய இங்கிலீஷ் மட்டும் ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. அதனால் மிஷன் பள்ளியில் படித்த லூர்து அண்ணனையும், கிளார்க்காக இருந்த அப்பாவிடம் அதே கையெழுத்தைக் கற்ற என்னையும் தேடி வந்தாள்.

மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டிய லூர்து அண்ணன் வீட்டில் வேலை நடந்தது. கரண்ட் இருக்கும் நேரத்தில் டைப் அடிப்போம். இல்லாத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். இருவருமே அதிகம் பேசாதவர்கள். எப்போதாவது அவர் என்னைப் பார்த்து, "இந்த கிளார்க் கிறுக்கினதகூட படிச்சிடலாம்டா, உன் மூஞ்சிய படிக்க முடியல" என்பார்.

சங்கிலி பிடித்து அளந்தவர்கள் ஆறு மைலுக்கு ஆறு மைல் நிலத்தை முப்பத்தாறு சதுரங்களாகப் பிரித்ததில்தான் அந்த ஊர் தொடங்கியது. பிறகு நார்வேக்காரர்கள் வந்தார்கள். புல்வெளியை உழுதார்கள், விளைச்சலை வெட்டுக்கிளிக்குப் பறிகொடுத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1879இல் தொண்டை அடைப்பான் வந்தது. ஒரே வீட்டில் ஒன்பது நாளில் ஐந்து பிள்ளைகள் போனார்கள். பனியில் சர்ச்சுக்குக் கொண்டுபோக முடியாமல், தகப்பன் தன் வயலிலேயே, இரண்டாம் சதுரத்தில், ஓடைக்கு மேற்கே புதைத்தான். கல் எதுவும் நடவில்லை. கிளார்க் இதை நான்கு வரியில் எழுதியிருந்தார். அன்று லூர்து அண்ணன் வேறு எதையும் டைப் அடிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய முதல் பெண் ஒரு வயதில் இறந்தவள். நகரத்துக்குள் அவளைப் புதைத்திருந்த பழைய கல்லறைத் தோட்டத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது அவர் வெளியூரில், மோல்மேனில், வேலையாக இருந்தார். செய்தி கிடைத்து ஓடிவந்தபோது தரையைச் சமப்படுத்தியிருந்தார்கள்.

கடைசி வேலை வரைபடம். எண் போடாத முப்பத்தாறு கட்டங்கள் வந்தன. எந்தெந்தச் சதுரத்தில் புதைத்த இடம் இருக்கிறதோ அங்கே புள்ளி வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கட்டம் ரங்கூன் தெருக்கள்தான். மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக எண் ஏறும். லூர்து அண்ணன் அப்படியே ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக எண்ணினார். நான் சரிபார்த்தேன். பதிவேட்டின்படி எட்டில் சர்ச், இருபத்திரண்டில் மாவு மில்; படத்தில் வரைந்திருந்த இடங்களோடு இரண்டும் பொருந்தின. அனுப்பிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, வேறு படிக்க எதுவும் இல்லாமல், அளவைக்காரர்களின் குறிப்பை மறுபடி எடுத்தேன். ஒன்றாம் எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போகிறது. அடுத்த வரிசை உழுகிற மாடுபோலத் திரும்பிக் கிழக்கே வருகிறது. நாங்கள் சோதித்த எட்டும் இருபத்திரண்டும் தற்செயலாகச் சரியாக வரும் வரிசைகளில் இருந்தவை. முதல் வரிசை முழுக்கத் தலைகீழ்; இரண்டில் வைக்க வேண்டிய புள்ளி ஐந்தில் இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே பதிவேட்டுக் கட்டில் அந்த வருட ஊர்க்கூட்டக் குறிப்பும் இருந்தது. நாங்களே டைப் அடித்ததுதான். இரண்டாம் சதுரத்தில் சரளைக்கல் தோண்ட ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார். புதிய வரைபடத்தில் அங்கே கல்லறை இல்லையென்றால் அக்டோபர் முதல் தேதி அனுமதி கொடுப்பது என்று முடிவு. அன்று செப்டம்பர் பதினெட்டு.

லூர்து அண்ணனிடம் சொன்னேன். இரண்டு ரயில்கள் போகும்வரை அவர் விரலால் கட்டங்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார்.

"எட்டு சரியா இருந்துச்சேப்பா."

"ரெண்டாவது வரிசை சரியாத்தாண்ணே வரும்."

"அஞ்சு பிள்ளைங்கள மூணு மைல் தள்ளி வச்சிருக்கேன்."

நானும்தானே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

போட்டாதாங்குக்குப் போனோம். தஸ்லீமா பொறுமையாகக் கேட்டாள். எங்கள் முன்னாலேயே சிங்கப்பூருக்கு எழுதினாள். வேலை முடிந்தது, கணக்கு மூடப்பட்டது என்று இயந்திரம் அனுப்பிய பதில் உடனே வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில்.

"மயபூ சயா, முடியாதுங்க. இதுக்கு மேல எனக்கு வழி இல்ல. அந்த ஊருக்காரங்க யாருன்னே எங்கிட்ட சொல்ல மாட்டாங்க."

ஹாலிபருக்கு ஆபீஸ் கிடையாது. அதன் கிளார்க் யாரோ ஒரு விவசாயி. தேடித் தேடி, அந்த மாவட்ட அலுவலகத்தின் எண் ஒன்று கிடைத்தது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஏழரை. தஸ்லீமா தன் போனில் இணையம் வழியாகப் போட்டுக் கொடுத்தாள். பதிவு செய்யும் இயந்திரம் எடுத்தது. லூர்து அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பள்ளியில் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னார்: தன் பெயர், ஊர், செய்த தவறு. பிள்ளைகளின் பெயர்களை வயது வாரியாகச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது பெயரில் இயந்திரம் துண்டித்தது. சதுரத்தின் எண்ணை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மறுபடி அழைத்தோம். செய்திப் பெட்டி நிரம்பிவிட்டது என்றது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதையே சொன்னது. பிறகு எங்கள் பக்கம் நான்கு நாள் இணையம் இல்லை. வந்த பிறகும் பெட்டி நிரம்பியே இருந்தது.

"எண்ண மொதல்ல சொல்லியிருக்கணும்டா" என்றார். "பேர சொல்லாம எப்படிடா எண்ண சொல்றது?"

அக்டோபர் முதல் தேதி நாங்கள் இருவரும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இருந்தது. செய்ய வேலை எதுவும் இல்லை.

தஸ்லீமா ஆபீசை மூடிவிட்டு பாங்காக் போய்விட்டாள். லூர்து அண்ணன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், மகனோடு இருக்கிறார், கண்புரை முற்றி இப்போது எதையும் படிப்பதில்லை. நான் ஒரு மருந்துக் கடையில் பில் எழுதுகிறேன். வரைபடம் இணையத்தில் இருக்கிறது, ஐந்து பிள்ளைகளின் புள்ளி நாங்கள் வைத்த ஐந்தாம் சதுரத்திலேயே இருக்கிறது. இரண்டாம் சதுரத்தைத் தோண்டினார்களா என்பது எங்களுக்குத் தெரியாது.